வழிமொழிந்தவர்: நதியா

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடம் திறந்து ஒன்பது நாளாகிறது. யூனிஃபார்ம் இன்னும் தைத்து முடியவில்லை. இன்றைக்கு மட்டும் ஏழு பாவாடை, நான்கு சட்டை. விரல் நுனியெல்லாம் நீலச் சாயம்.

மதியம் உரக்கடைத் தாண்டவராயன் கடைக்கு வந்தார். பேண்ட் சுருக்க வந்திருப்பார் என்று டேப்பை எடுத்தேன். ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கேட்டார். பதினாறு வருடமாக அவர்தான் மலை வட்டாரக் கபடிக் கழகத்தின் செயலாளர். மேலிடத்திலிருந்து புது விதி வந்திருக்கிறதாம். பன்னிரண்டு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் மூன்று பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கழகத்துக்கு அங்கீகாரம் கிடையாது, ஆண் பிள்ளைகளின் அணிகூட வெளியூர் போய் ஆட முடியாது.

“ஸ்கூல்ல ஆடினவதானேம்மா நீ. பேரு மட்டும் குடு. வேற ஒரு தொந்தரவும் இல்ல.”

“அங்க நான் இன்னா பண்ணணும்ண்ணே?”

“ஒண்ணும் பண்ண வேணாம். அதான் சொல்றேனே.”

கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு தோன்றியது: ஒன்றும் பண்ணாத ஆளுக்குப் போட்டோ எதற்கு, அதுவும் இரண்டு?

ஜூன் 14, சனி

வீட்டுக்காரர் மோகனிடம் சொன்னேன். டெம்போவுக்கு அடியில் படுத்திருந்தவர் அங்கிருந்தபடியே சிரித்தார். “கமிட்டி மெம்பரு! இனிமே உன்கிட்ட அப்பாயின்மென்ட் வாங்கித்தான் சோறு கேக்கணும்.”

சிரிக்கட்டும். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் என்னதான் பேசுவார்கள்? பதினாறு வயதில் நான் இடது மூலையில் நின்று ஆடியவள். எவள் கபடி பாடி வந்தாலும் கணுக்கால் சிக்கினால் விடமாட்டேன். எந்த ஊருக்குப் போவது, யார் போவது, எப்போது திரும்புவது, எல்லாவற்றையும் எங்கேயோ யாரோ முடிவு செய்தார்கள். “நாளைக்குக் காலைல பஸ்ஸு” என்பது மட்டும்தான் எங்களுக்கு வரும். அந்த ‘எங்கேயோ’வைப் பார்க்க வேண்டும்.

மற்ற இரண்டு பெண்கள் யார் என்று விசாரித்துவிட்டேன். ஒருவர் மங்கம்மாள் அக்கா. கழகத் தலைவர் புளி மண்டி லட்சுமணனின் மனைவி. இன்னொருவர் வாணியம்பாடி கௌசர். அடிவாரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, கபடி நடுவர். அடிவாரத்து ஊர்களும் நம் கழகத்தில்தான் சேர்த்தி என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 5, சனி

கூட்டம் எப்போது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சந்தைக் கூட்டம் கடைக்குள்ளும் வந்துவிட்டது. ஒருத்திக்குக் கொக்கி, ஒருத்திக்கு ஃபால்ஸ், ஒருத்தி கைக்குழந்தையை என் மேஜைமேல் உட்கார வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தாண்டவராயன் ஒரு நீளமான நோட்டோடு வந்தார். என் பெயருக்கு எதிரே விரலை வைத்தார். “இங்க ஒண்ணு, பின்னால ஒண்ணு.” போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கூட்டம் எப்போதென்று கேட்க நினைத்தேன். அதற்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அன்பரசி வந்தாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். மகளிர் அணியில் பாடிப் போகிறவள். கூட வந்த இரண்டு பேர் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இந்த வருஷம் பொண்ணுங்க டீம் வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே. ஏன்க்கா?”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அக்டோபரில் வேலூரில் மண்டலப் போட்டி. அதற்கு மலையிலிருந்து ஆண்கள் அணி மட்டும்தான் போகிறது. பயிற்சியாளரிடம் கேட்டதற்கு, “குழுவுல இருக்கற பொம்பளைங்களே வேணாம்னுட்டாங்க, நாங்க இன்னா பண்றது” என்றாராம்.

“பதினெட்டு வயசுக்கு கீழே எனுக்கு இதான் கடைசி வருஷம்க்கா. மண்டலத்துல ஆடினா சர்டிபிகேட் குடுப்பாங்க. அத வச்சி காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா கேக்கலாம்னு இருந்தேன்.”

சண்டைக்கு வந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வரும் என்று நின்றாள். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியல பாப்பா” என்றேன். பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் எப்ப சொன்னேன்? எங்க சொன்னேன்? கனவுல சொன்னேனா? ஒரு கூட்டத்துக்குக்கூட போகாதவ எப்படி வேணாம்னு சொல்ல முடியும்?

— கையெழுத்து. அந்த நோட்டு. அதுல இன்னா எழுதியிருந்துச்சோ.

ஒரு ரவிக்கைக்குக் கை இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் உரக்கடைக்குப் போனேன். நோட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். மறுப்பார் என்று நினைத்துப் பேச்சையெல்லாம் தயார் செய்து போயிருந்தேன். அவரோ யூரியா மூட்டைமேல் இருந்த நோட்டை எடுத்துச் சாதாரணமாக நீட்டினார். பதினாறு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஜூலை 13-ந் தேதிக் கூட்டம். நான்காவது தீர்மானத்தை அப்படியே எழுதி வந்தேன்:

“போதிய ஆர்வமும் பாதுகாப்பு வசதியும் இல்லாத காரணத்தால், இவ்வாண்டு மண்டலப் போட்டிக்கு மகளிர் அணியை அனுப்புவதில்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: திருமதி மங்கம்மாள். வழிமொழிந்தவர்: திருமதி நதியா.”

கீழே என் கையெழுத்து. என்னுடையதேதான். ‘யா’வில் வருகிற அந்தச் சுழிகூட.

“வழிமொழியறதுன்னா இன்னாண்ணே?”

“ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் ஆமான்றது.”

“அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?”

யோசித்தார். “கடையில இருந்திருப்ப.”

கேலி இல்லை, திருட்டு முழி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஏன் எங்கள் பெயர் என்றேன். “பொம்பள புள்ளைங்க விஷயம் பாரு. ரெண்டு பொம்பளைங்க பேரு இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதப் பெருசு பண்ணாதம்மா” என்றார்.

வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையே ஓடியது. வழிமொழிந்தவர். நான் ஆமாம் சொன்னவளாம். யாருக்கு?

ஆகஸ்ட் 9, சனி

நோட்டில் கௌசரின் எண் இருந்தது. கூப்பிட்டேன். யாரென்று சொன்னதும் முதல் கேள்வியே, “நீங்க கையெழுத்து போட்டீங்களா?”

“போட்டேன்.”

“படிச்சீங்களா?”

“இல்ல.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “எனக்கு புக்கே வரல. வரவில்லைன்னு எழுதியிருப்பாங்க. தகவலே சொல்லாம எப்படிம்மா வர்றது?” என்று சிரித்தார். பதினோரு வருடமாக நடுவராக இருக்கிறாராம். ஆண்கள் ஆட்டத்தில் அவரைக் கோட்டருகே உட்கார வைத்துப் புள்ளி எழுதத்தான் விடுவார்களாம். “விசில எங்கிட்ட குடுக்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும்.”

கழகத்தின் சட்ட விதிகள் அவர் போனில் இருந்தன. அனுப்பினார். இருபத்திரண்டு பக்கம். மின்சாரம் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படித்தேன். பயந்த அளவுக்கு இல்லை. அளவுச் சீட்டு மாதிரிதான் இருந்தது. எது எங்கே வர வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன்படி வெட்டுவதுதான் இல்லை.

விதி 14: கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும்.

விதி 17: மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் பதினைந்து நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும்.

பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு நான்கு. நாங்கள் மூன்று பேர். மூன்று பேர் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், மங்கம்மாள் அக்காவை யார் கேட்டது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரவிக்கை அளவு எடுக்கிற சாக்கில் மண்டிக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேசாதவர். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எழுதி வந்ததைப் படித்துக் காட்டினேன். உரிப்பதை நிறுத்தவில்லை.

“இன்னொரு வாட்டி படி.”

படித்தேன்.

“முன்மொழிஞ்சதுன்னா நான்தான் மொதல்ல சொன்னேன்னு அர்த்தமா?”

“ஆமாக்கா.”

“எத்தினி புள்ளைங்க ஆடறாங்கன்னுகூட எனுக்குத் தெரியாது. நான் இன்னாத்த வேணாம்னு சொல்லப் போறேன்?” மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டார். “கையெழுத்து போடத்தான் கத்துகினேன். அதுக்கு மேல இன்னா எழுதறாங்கன்னு யாரு கண்டா. வூட்டுக்காரரு நீட்டுவாரு, போடுவேன்.”

சிறப்புக் கூட்டம் கேட்டுக் கௌசர் எழுதி, கையெழுத்தும் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கடிதத்தை எடுத்தேன். புருஷனுக்கு எதிராகப் பெண்டாட்டியிடம் கையெழுத்துக் கேட்கிறேன். இது சரியா?

“இதுல போட்டா இன்னா ஆவும்?”

“கூட்டம் போடுவாங்கக்கா.”

“எனுக்கும் சொல்லி அனுப்புவாங்களா?”

“அனுப்பித்தான் ஆவணும். விதி இருக்குது.”

“அப்ப முழுசா படி. அப்புறம் போடறேன்.”

மூன்று தடவை படிக்க வைத்தார். பிறகு பேனாவை வாங்கி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். ரவிக்கை அளவு எடுக்கவே மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான்காவது கையெழுத்துக்காகக் காவலூர் போனேன். அங்கே ஆனந்தன் ஆண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார், நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் கூரை தெரிகிற மேட்டில் மைதானம். மைதானம் என்று அவர்தான் சொல்கிறார். பாதிக்கு மேல் கல்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அன்பரசியிடம் ‘பொம்பளைங்களே வேணாம்னுட்டாங்க’ என்று சொன்னவர் இவர்தான். “கூட்டத்துல என்ன பாத்தீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“நானே கூட்டத்துல இல்லியே.”

“கையெழுத்து இருக்குதே?”

“எனக்கும் புக்குதாம்மா வரும். மண்டி மேல நாலு பேரு டீ குடிச்சிகினு பேசி முடிச்சிடுவாங்க. அப்புறம் புக்கு சுத்தும். அதுல இருக்கறத நம்பித்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்.”

நான் பெண்களுக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் இப்படியாம். வருடக்கணக்காக. இந்தக் கல்லைப் பொறுக்கித் தரச் சொல்லி இரண்டு வருடமாகக் கடிதம் கொடுக்கிறாராம். எந்தக் கூட்டத்திலும் அது வந்ததில்லை.

“அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கல?”

தலையைச் சொறிந்தார். “கேக்கலாம்னே தோணல.”

கடிதத்தில் போட்டார். பிறகு, “கூட்டம் நடந்தா என் கல்லையும் சேத்துக்குங்க” என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடிதத்தைத் தாண்டவராயன் கையில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கினேன். கௌசர் சொல்லிக் கொடுத்தது. மங்கம்மாள் அக்காவின் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“உனக்கு நான் இன்னா கொற வச்சேன்? கவுரவமா ஒரு பதவி குடுத்தேன். அதுக்கு இதுதான் பதிலா?”

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மண்டியிலிருந்து மோகனுக்கு லோடு சொல்லவில்லை. நான்கு நாளாக டெம்போ வாசலில் நிற்கிறது. வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

“ஆசையா இருந்தா நீ போய் ஆடு. வேணாம்னு நான் சொன்னேனா? என் வண்டிய ஏன் அதுல இழுக்கற?” என்று கத்தினார். பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை.

சரியாத்தான் செய்யறேனா? அந்தப் பொண்ணு ஒரு சர்டிபிகேட்டுக்காக வந்து நின்னா. இவரு வண்டி நிக்குது. எது பெருசுன்னு யாரு அளந்து சொல்றது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று அறிவிப்பு வந்தது. உரக்கடைப் பையன் கையில், என் பெயர் போட்டு. மோகன்தான் வாங்கிப் பிரித்தார். படித்துவிட்டு மடித்து வைத்தார். சாப்பிடும்போது, “விதி பதினேழுன்னா இன்னா?” என்று கேட்டார்.

சொன்னேன். “இதெல்லாம் எழுதி வச்சிக்கினேவா இத்தினி நாள் இப்டி நடத்துனாங்க?” என்றார்.

அதேதான் என் கேள்வியும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கூட்டம் முடிந்து வந்து உடனே எழுதுகிறேன். மறப்பதற்குள்.

மண்டியின் மாடி. பழைய புளி வாசனை. ஒன்பது நாற்காலிதான் போட்டிருந்தார்கள். கௌசர் வாணியம்பாடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, எல்லோருக்கும் முன்னால் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். நான் நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. போனில் கேட்டதைவிடச் சின்ன உருவம். கழுத்தில் விசில். எனக்கு நாற்காலி இல்லை. ஆனந்தன் கீழே போய் மூன்று எடுத்து வந்தார்.

மங்கம்மாள் அக்கா மாடிப்படி ஏறி வந்ததும் லட்சுமணன் எழுந்துவிட்டார்.

“நீ எதுக்கு வந்த?”

“நோட்டீஸ் வந்துச்சு.”

ஒரே வீட்டுக்கு இரண்டு நோட்டீஸ் போயிருக்கிறது. யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த மாடிக்கு ஏறியதே இல்லையாம்.

நான்காவது தீர்மானத்தை நான் படித்தேன். “நான் அன்னிக்கு இங்க இல்ல. படிக்காம கையெழுத்து போட்டது என் தப்பு. ஆனா இத நான் வழிமொழியல” என்றேன். இவ்வளவுதான் பேசத் திட்டம்.

அக்கா அடுத்துப் பேசினார். “நானும் சொல்லல.” கணவரைப் பார்க்கவில்லை, எல்லோரையும் பார்த்துச் சொன்னார். “நான் சொல்லாதத நான் சொன்னேன்னு யாரு எழுதினது?”

லட்சுமணன் தாண்டவராயனைப் பார்த்தார். தாண்டவராயன் நோட்டைப் பார்த்தார்.

“நான்தான் எழுதினேன்” என்றார்.

பிறகு அவர் பேசியதை நான் எதிர்பார்க்கவில்லை. போன வருடம் ஆரணியில் போட்டி. ஆட்டம் இழுத்துவிட்டது, மழை, மலைக்கு வருகிற கடைசி பஸ் போய்விட்டது. பத்துப் பெண்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்து, இவர் வாசலில் உட்கார்ந்து விழித்திருந்து, மறுநாள் காலையில் கூட்டி வந்திருக்கிறார். இறங்கியதும் ஒரு பெண்ணின் அப்பா இவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“பஸ் ஸ்டாண்டுல, அத்தினி பேரு முன்னால. ‘எங்கடா கூட்டிகினு போன எம்பொண்ண’ன்னு. பதினாறு வருஷம் கழகத்துக்காக ஓடினவன் நான். எனுக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. அங்க நின்ன ஒருத்தனும் வாயத் தொறக்கல.” அங்கே நின்றவர்களில் சிலர் இந்த மாடியிலும் இருந்திருப்பார்கள் போல. தலை குனிந்தார்கள். “கூட வர்றதுக்கு ஒரு பொம்பள ஆளு இருந்திருந்தா அப்டி ஆயிருக்காது. விதியிலயும் பொண்ணுங்க டீமுக்கு பொம்பள மேனேஜர் வேணும்னு இருக்குது. ஆளுக்கு எங்க போவேன்?”

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் கேள்வி மட்டும் நின்றது. கேட்டேன்.

“குழுவுல நாங்க மூணு பேரு இருக்கோமேண்ணே. எங்ககிட்ட கேட்டீங்களா?”

என்னையே பார்த்தார். “கேட்டா வருவீங்களா?”

“கேட்டாத்தானே தெரியும்.”

சத்தியமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் முகத்தில் தெரிந்தது. எங்களைப் பட்டியலில் சேர்த்தவரே அவர்தான்!

“நானும் நதியாவும் போறோம்” என்றார் கௌசர். கடையை யார் பார்ப்பது, குடும்பத்தை யார் பார்ப்பது என்று பின்வரிசையிலிருந்து ஓட்டல்காரர் ஒருவர் ஆரம்பித்தார். “நீங்க போட்டிக்குப் போனப்போ உங்க ஓட்டல யாரு பாத்தாங்க?” என்று கௌசர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

பழைய தீர்மானத்தை ரத்து செய்து மகளிர் அணியை அனுப்ப வேண்டும் என்று மங்கம்மாள் அக்கா முன்மொழிந்தார். அந்த வார்த்தையை அவர் சரியாகச் சொன்னார். கௌசர் வழிமொழிந்தார். கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் மூன்று பேரோடு ஆனந்தன், பிறகு இதுவரை நான் பேசியே இராத ஒருவர். ஐந்து. எதிராகவும் ஐந்து. தலைவர் சமமாக வந்தால்தான் வாக்களிக்க முடியும். மீதி இருந்தது தாண்டவராயன் மட்டும். குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

“செயலாளரே?” என்றார் லட்சுமணன்.

“கையில பேனா இருக்குது, தூக்க முடியல. ஆமான்னு போட்டுக்கறேன்.”

ஆறுக்கு ஐந்து.

படியிறங்கும்போதுதான் நினைவு வந்தது. ஆனந்தனின் கல் விஷயத்தை மறந்தே போனோம். பாவம், அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அணித் தேர்வு. இருபத்தேழு பெண்கள் வந்தார்கள். ‘போதிய ஆர்வம் இல்லை’ என்று எழுதிய ஊரில் இருபத்தேழு! மேல்பட்டிலிருந்து மூன்று பேர் நடந்தே வந்திருந்தார்கள். கௌசர், ஆனந்தன், நான் தேர்வாளர்கள். பன்னிரண்டு பேரைத்தான் எடுக்க முடியும்.

பதினொன்று சுலபமாக முடிந்தது. அன்பரசி எந்தப் பேச்சும் இல்லாமல் முதல் பெயர். பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி மேல்பட்டிப் பெண். இன்னொருத்தி பூவிழி, மோகனின் தங்கை மகள். கௌசர் மேல்பட்டிப் பெண்ணைச் சொன்னார், ஆனந்தன் பூவிழியைச் சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பூவிழிக்கு என்ன உறவு என்று சொன்னேன். “தெரியும். ஆட்டத்த மட்டும் சொல்லுங்க” என்றார் கௌசர்.

பூவிழி வேகம். ஆனால் பிடிக்கப் போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். மேல்பட்டிப் பெண் மூடவில்லை.

மேல்பட்டிப் பெண் என்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்

நாத்தனார் வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். “ஊரான் வூட்டு புள்ளைய அனுப்பறதுக்கா கமிட்டிக்குப் போன?” மோகன் டெம்போவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கும் பரிந்து பேசவில்லை, தங்கைக்கும் பேசவில்லை.

உரக்கடை வழியாகப் போனேன். எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறார். “இப்ப தெரியுதாம்மா, ஏன் நாலு பேரு மட்டும் பேசி முடிக்கறோம்னு?” என்றார் தாண்டவராயன். பாதி சிரிப்பு, பாதி நிஜம்.

தெரிகிறது. ஆனாலும் அது காரணமாகுமா?

அக்டோபர் 12, ஞாயிறு

வேலூரிலிருந்து திரும்பியாகிவிட்டது. தீபாவளித் தையல் மலைபோல் குவிந்து கிடக்கிறது. யார் யார் திட்டப் போகிறார்களோ.

இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். காலிறுதியில் மூன்று புள்ளியில் தோற்றோம். அன்பரசி ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்து விழுந்தாளே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. மண்டல அணியில் காத்திருப்போர் பட்டியலில் பெயர்.

ஆட்டத்தைவிட மற்றதையே அதிகம் பார்த்தேன். பெண்கள் உடை மாற்ற ஒதுக்கிய அறை சாமான் போடும் அறை. தாழ்ப்பாள் இல்லை. நானும் கௌசரும் மாறி மாறிக் கதவில் சாய்ந்து நின்றோம். மேல்பட்டிப் பெண்ணுக்கு ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னால் தீட்டு வந்துவிட்டது. என் காதில் வந்து சொன்னாள். ஓடிப் போய் வாங்கி வந்தேன். போன வருடம் இது நடந்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாள்? தாண்டவராயனிடமா? ‘உடம்பு சரியில்ல’ என்று ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அவரும் ஆர்வமில்லை என்று எழுதியிருப்பார்.

வெளிச்சம் இருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்தோம். பஸ் நிலையத்தில் அப்பாக்கள் நின்றார்கள். கொஞ்சம் தள்ளித் தாண்டவராயன். உர லோடு வருகிறதென்று பார்க்க வந்தாராம். ஞாயிற்றுக்கிழமை என்ன லோடு? ஒவ்வொரு பெண்ணாக இறங்க இறங்க அவர் உதடு அசைந்தது. பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு நடந்தார்.

நவம்பர் 6, வியாழன்

மண்டியிலிருந்து லோடு சொல்லி அனுப்பினார்கள், சாமை மூட்டை. மங்கம்மாள் அக்கா சொன்னாரா, லட்சுமணனே மனம் மாறினாரா என்று மோகனுக்குத் தெரியவில்லை. “கேக்கலாமா?” என்றேன். “நீ சும்மா இரு தாயே” என்று கும்பிட்டார்.

நாத்தனார் இன்னும் பேசவில்லை. பூவிழி மட்டும் நேற்று வந்து, “கண்ண மூடாம இருக்க இன்னா பண்ணணும் மாமி?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 23, ஞாயிறு

கூட்டம். தாழ்ப்பாள் பற்றிப் போட்டி நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுத முடிவானது. ஆனந்தனின் கல் முதல் பொருளாக வந்தது. மனிதருக்கு நம்பவே முடியவில்லை. பேச எழுந்தவர் இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் மறந்துவிட்டு, “கல்லு நெறைய இருக்குது” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

முடிந்ததும் நோட்டு சுற்றி வந்தது. மங்கம்மாள் அக்கா பேனாவை வாங்கவில்லை. “மொதல்ல சத்தமா படிச்சி காட்டுங்க” என்றார். தாண்டவராயன் எழுந்து நின்று முழுவதையும் படித்தார். நடுவில் ஓட்டல்காரர், “நான் அப்டி சொல்லலியே” என்று ஓரிடத்தில் திருத்தினார். ஆறாவது வருடமாக உறுப்பினராம் அவர். தான் சொன்னதாக என்ன எழுதுகிறார்கள் என்று இன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்கிறாராம்.

டிசம்பர் 12, வெள்ளி

மூன்று நாளாகக் காய்ச்சல். பனி அதிகம். கடை மூடிக் கிடக்கிறது. உட்கார்ந்து எழுதினால் தலை சுற்றுகிறது.

நாளை மறுநாள் கூட்டம். அடுத்த வருடத்துக்கான போட்டிகள் பற்றி. என்னால் வர முடியாது, நடத்திக்கொள்ளுங்கள் என்று தாண்டவராயனுக்கு மோகனிடம் சொல்லி அனுப்பினேன். சாயந்திரம் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தார்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘அந்தம்மா இல்லாம எப்படி? தேதிய தள்ளி வச்சிடலாம்’னுட்டாரு. எல்லாருக்கும் போன் பண்ணிகினு இருக்காரு.”

கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். என்மேல் மரியாதையா? இல்லை, நானில்லாமல் நடத்தினால் இன்னொரு கடிதம் வரும் என்ற பயமா? தாண்டவராயனுக்கே தெரியுமோ என்னவோ. காய்ச்சல் விட்டதும் கேட்டுப் பார்க்க வேண்டும்.